உங்களுக்கு முன் பதினோரு பேர்

காலை ஓட்டம் பத்தரைக்கு முடியும்.
மாலை ஓட்டம் நாலுக்கு.
நடுவில் கிடக்கும் ஐந்தரை மணி நேரத்தை
உட்லண்ட்ஸ் நூலகக் குளிரில் கழிக்கிறேன்,
ஓட்டுநர் சீருடைக்கு மேல் பழைய ஸ்வெட்டர்.

அங்கேதான் வகுப்பு. இலவசம்.
கைப்பேசியில் புத்தகம் இரவல் வாங்குவது எப்படி.
வந்தது ஒன்பது பேர்.
ஒன்பது பேருக்கும் கடவுச்சொல் மறந்திருந்தது.
நூலகர் யஸ்லினா அலுக்காமல்
ஒவ்வொரு திரையாகக் குனிந்து வந்தார்.
என் பக்கத்தில் பெங் லான், ஓய்வுபெற்ற தாதி,
கண்ணில் அறுவை முடிந்து இரண்டு மாதம்.
விரலிரண்டால் திரையைப் பிரித்துப் பிரித்து
ஒற்றைச் சீன எழுத்து
உள்ளங்கை அளவுக்கு வந்ததும்
கைதட்டிவிட்டார்.

நான் தேடியது தமிழில் ஒரு கொலைக் கதை.
‘கொலை’ என்று அடித்தால்
‘கொலு’ என்று திருத்தியது கைப்பேசி.
அதற்கு நவராத்திரி ஞாபகம்.
மூன்றாம் முறை விட்டுக்கொடுத்தது.
அட்டைப்படம் வந்தது. அடியில் பொடி எழுத்தில்:
‘உங்களுக்கு முன் பதினோரு பேர் காத்திருக்கிறார்கள்.’

வரிசை எனக்குத் தெரியாததல்ல.
மழையில் குடையோடு நீளும் வரிசை,
பள்ளி விட்டதும் வரிசை மாதிரி நடிக்கும் கூட்டம்.
ஆனால் தாளில்லை, தையலில்லை, எடையில்லை,
இதற்கு எதற்கு வரிசை?
யஸ்லினா சொன்னார்: மூன்று பிரதிதான் வாங்கியிருக்கிறோம்.
ஒரு பிரதி, ஒரு நேரத்தில் ஒருவருக்கு.
இருபத்தொரு நாளில் தானே திரும்பிவிடும்.
தண்டமில்லை. மன்னிப்பும் கேட்க வேண்டாம்.

மூன்றாம் மாதம் வந்து சேர்ந்தது.
நான் மெதுவாக வாசிப்பவள்.
நாள் இருபது; எழுபத்தொரு விழுக்காடு;
மருத்துவர் வீட்டுத் தோட்டத்தில் இரண்டாவது பிணம்.
கோப்பிக் கடையில் பெங் லான் காதோடு சொன்னார்:
விமானப் பயன்முறையைப் போட்டுவிடு.
நாள் முடிந்தது அதற்குத் தெரியாது.

அப்படித்தான் பறக்க ஆரம்பித்தேன்.
முனையத்து ஓய்வறையில் பறந்தேன்,
வீட்டில் துணி காயப்போட்டபடி பறந்தேன்,
திரையோரம் குட்டி விமானம்,
உலகத்தில் யாராலும் எட்ட முடியாத ஆள்.

மூன்றாம் நாள் அட்மிரல்டி நிறுத்தம்.
கதவை மூடி நகர்ந்தபின்
பக்கக் கண்ணாடியில் ஒரு கை,
உயர்ந்தபடியே சிறுத்துச் சிறுத்து
புள்ளியாகிற வரை இறங்கவேயில்லை.

ஓட்டம் முடிந்து வண்டியை நிறுத்தியதும்
விமானத்தை அணைத்தேன்.
சத்தமே இல்லாமல் புத்தகம் போனது.
அந்த இடத்தில் மொத்தமாக விழுந்தன
என் கணவரின் செய்திகள்:
வெங்காயம் வாங்கி வா.
எங்கே இருக்கிறாய்?
இலக்கியா பள்ளியில் விழுந்துவிட்டாள், பல் உடைந்தது.
எடு. போனை எடு.
பால்பல்தான். பயப்படாதே.
வெங்காயம் நானே வாங்கிவிட்டேன்.

படிக்கட்டில் உட்கார்ந்து
இரண்டு முறை படித்தேன் எல்லாவற்றையும்,
கொலைக் கதையைவிட நிதானமாக.

பிறகு மறுபடி பெயர் கொடுத்தேன்.
‘உங்களுக்கு முன் ஆறு பேர்.’
எனக்குப் பின்னால் எத்தனை பேர் நின்றார்கள் என்று
என் திரை ஒருநாளும் சொன்னதில்லை.

நேற்று இரவு கடைசி ஓட்டம்.
மேலே உள்ள கண்ணாடியில், மூன்றாம் இருக்கையில்,
மருத்துவமனைச் சீருடையில் ஒரு தமிழ்ப் பெண்
கைப்பேசியை மூக்கருகே வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.
சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.
இரண்டாவது பிணமாக இருக்கலாம்.
வேறு எதுவாகவும் இருக்கலாம்.
இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டு
அவசரமாக மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்தேன்.
யார் கொன்றது என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது.
ஓட்டுநரிடம் பேசாதீர்கள் என்று
என் தலைக்கு மேல்தான் எழுதியிருக்கிறது,
நான்கு மொழியில்.