கிணற்றடி மூலை

ஏழு வருசம் முழங்காலில் நின்று
மண்ணைக் கேட்டவள் நான்.
காதில் கருவி, முகத்துக்குக் கவசம்,
ஒரு நாளைக்கு ஒரு பாய் அகலம்.
ஆணிக்கு ஒரு கீச்சு,
சோடா மூடிக்கு வேறு.
மற்றதற்கு
மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை உயர்த்தவேண்டும்.
துப்புரவான காணி என்று தாள் கொடுத்து
சனத்தைக் குடியேற்றினார்கள்.
எங்கள் வளவுக்கும் ஒரு தாள் இருக்கிறது,
பெட்டிக்குள்.

இந்த மண் கீச்சிடவில்லை.
கம்பஸிலிருந்து வந்த பிருந்தாபன்
நாலு இடத்தில் தோண்டி
சொப்பிங் பையில் கட்டிக்கொண்டு போனான்.
மூன்று மாதம் கழித்து வந்தவன்
மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே
"அக்கா, கிணற்றடி மூலையில என்ன நடந்தது?" என்றான்.

என்ன நடந்தது.
பழைய பற்றறிகளைக் கோடாலியால் பிளந்து
தாச்சியில் ஈயம் உருக்கினார் இவர்.
முல்லைத்தீவு வலைகளுக்குக் குண்டு வார்த்து
கிலோக் கணக்கில் கொடுத்தோம்.
சின்னவளின் சப்பாத்து அதில் வந்தது,
இந்தக் கூரைத் தகரம் அதில் வந்தது.
அசிட் ஊற்றின இடத்தில்
ஒரு வருசம் புல் முளைக்கவில்லை.
பிறகு முளைத்தது.
முளைத்தால் நல்ல மண்தானே என்று
கீரை போட்டேன்.

தாளில் ஈயத்துக்கு நேரே ஒரு இலக்கம்.
பக்கத்தில், இருக்கக்கூடிய இலக்கம்.
இரண்டுக்கும் நடுவில்
என் பிள்ளைகள் தின்ற
நாலு வருசத்துச் சுண்டல்.

துண்டாகக் கிடந்திருந்தால் கேட்டிருப்பேன்.
கரைந்தது கத்தாது.

சின்னவளுக்குக் கிளிநொச்சியில் இரத்தம் எடுத்தார்கள்.
கொழும்புக்கு அனுப்பவேணுமாம்,
மறுமொழி வர நாளெடுக்குமாம்.
அவள் நகம் கடிப்பவள்.
இவர் ஒன்றும் கதைக்கவில்லை.
விடிய எழும்பித் தாச்சியைக் கழுவினார்,
திரும்பவும் கழுவினார்.

நான் பழைய பழக்கத்தில்
தடி வெட்டி, தலைக்குச் சிவப்புப் பூசி,
மூலையைச் சுற்றி நட்டுக் கயிறு கட்டினேன்.
வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்த செல்வமதி
"ஐயோ, வெடியோ?" என்றாள்.
இல்லை என்றேன்.
"அப்ப பயமில்லை" என்று
உடுப்புக் காயப்போடப் போனாள்.

கயிற்றுக்குக் கீழால் நுழைந்து
கோழிகள் கிளறுகின்றன.
முட்டைகளை என்ன செய்வதென்று
தாளில் இல்லை.