பதினேழாவது துளி

ரதீம் காரை எடுத்துக்கொண்டான்.
கடலை என்னிடம் விட்டுப் போனான்:
ஐந்தாவது மாடி, முந்நூறு லிட்டர்,
நாலு பக்கமும் கண்ணாடி.
நீதிமன்றப் பட்டியலில் அதற்குப் பெயர்
'மீன்தொட்டி, பழையது.'

மீன் என்னவோ இரண்டுதான்.
மற்றதெல்லாம் பவளம்.
கல் மாதிரி இருந்துகொண்டு பசிக்கிற ஜாதி.
தண்ணீரிலிருந்து கால்சியத்தை உறிஞ்சி
தன் கீழே தானே வீடு கட்டிக்கொள்ளும்.
வாடகை நான் கொடுக்கிறேன்.

முதல் சனிக்கிழமை
சோதனைக் குழாயில் ஐந்து மில்லி தண்ணீர்,
ஒரு சிட்டிகைப் பொடி. சிவந்தது.
நீலமாகும் வரை துளிகளை எண்ண வேண்டும்.
பதினாறில் ஊதா,
முடிவெடுக்காத முகம்.
பதினேழில் நீலம்.
துளிக்கு இருபது, ஆக முந்நூற்று நாற்பது.
ஃபிரிட்ஜ் கதவில் அவன் கையெழுத்து:
420. அடியில் இரண்டு கோடு.

அன்று தொடங்கியது.
ப்ர்னோவின் கடைசி டிராமை
டெப்போவில் விட்டுவிட்டு வந்து
பூட்ஸைக் கழற்றாமலே
கால்சியம் குளோரைடு கரைப்பேன்.
கரையக் கரைய ஜாடி சுடும்.
கடலுக்குக் கஷாயம்.
காலையில் சோடா உப்பு, தனியாக, வேறு மூலையில்.
இரண்டும் நேருக்கு நேர் சந்தித்தால்
தண்ணீர் பாலாகிவிடும்.
நடுவில் பல மணி நேரம் விட வேண்டும்.
இதைப் பற்றி நான்
எந்த ஜோக்கும் அடிக்கப் போவதில்லை.

பத்து நாள்.
முந்நூற்று நாற்பது.
இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.
முந்நூற்று நாற்பது.

ஹீட்டர் மேல் வெள்ளைப் பொருக்கு.
பம்பு இரவெல்லாம் இருமியது.
சமையலறையில் கெட்டிலுக்கும் அதே நோய்:
இந்த ஊருக்கு வடக்கே மலையே சுண்ணாம்பு,
மலையாவதற்கு முன்னால் கடலடி,
பவளங்கூட இருந்ததாம்.
அங்கே வினிகர் ஊற்றிச் சுண்ணாம்பைக் கரைக்கிறேன்,
இங்கே காசு கொடுத்து வாங்கி ஊற்றுகிறேன்.
நடுவில் ஒரு சுவர்.

கடைக்காரர் வர்பா
நான் சொன்னதையெல்லாம் கேட்டார்,
ஒரு தங்கமீனைப் பையில் போட்டுக்கொண்டே.
"மக்னீசியம் பார்த்தீர்களா?"
பார்க்கவில்லை.
அதை ஃபிரிட்ஜ் கதவில் யாரும் எழுதவில்லை.
"அது குறைந்தால்
எவ்வளவு ஊற்றினாலும் தங்காது.
கல்லாகி விழுந்துவிடும்."
அந்தச் சிறுவன் தங்கமீனோடு ஓடினான்.

தொள்ளாயிரத்து எண்பது.
இருக்க வேண்டியது ஆயிரத்து முந்நூறு.
எத்தனை மாதமாக என்று தெரியாது.
அவன் இருந்தபோதே இருக்கலாம்.

அவசரப்படக் கூடாது என்றார் வர்பா,
நாளுக்கு ஐம்பதைத் தாண்டாதீர்கள்.
ஊற்றினேன். மார்ச் போனது.
பனி உருகி டிராம் தண்டவாளத்தில் ஓடியது.
ஒரு பயணி கதவில் மாட்டிய குடைக்காக
என்னைத் திட்டி மனு எழுதினாள்.
முந்நூற்று அறுபது.
பம்பைக் கழற்றிக் கழுவினேன்.
முந்நூற்று எண்பதில் ஒரு வாரம் நின்றது.
பிறகு ஒரு காலை,
பழுப்புக் கிளையின் நுனியில்
நகத்தின் பிறை அளவு
வெள்ளை.
விளக்கை அணைத்துப் போட்டுப் பார்த்தேன்.
இருந்தது.

இன்று மறுபடி குழாய், பொடி, சிவப்பு.
பதினான்காவது துளியில் போன் அடித்தது.
திரையில் ரதீம்.
எடுத்தால் எண்ணிக்கை போய்விடும்.
பதினேழு, சிவப்புதான்.
பதினெட்டு.
மேசை அதிர்ந்து போன் குழாய்ப் பக்கம் நகர்கிறது,
முழங்கையால் தடுக்கிறேன்.
இருபது, ஊதா.

இருபத்தொன்று.

போன் எப்போது நின்றது
என்று கவனிக்கவில்லை.