மேற்குப் பக்கம், இருபத்து மூன்றாம் மாடி

சுத்தியலால் தட்டினால் கான்கிரீட் சொல்லிவிடும்:
ணங் என்றால் திடம்.
டொக் என்றால் உள்ளே ஏதோ விட்டுப்போயிருக்கிறது.
அதைக் கேட்கத்தான்
என்னைக் கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

லெபோ அம்பாங்கில் யாரிடமாவது
இந்தக் கட்டடத்தைக் கேட்டுப் பாருங்கள்.
"எது, அந்த பேங்குக்குப் பின்னாலயா?"
படமெடுக்க வருகிறவர்கள்
இதற்கு முதுகு காட்டி நின்று
தூரத்து இரட்டைக் கோபுரத்தை எடுத்துப் போகிறார்கள்.

மூன்று நாளாகத் தட்டுகிறேன்.
நேற்றுத்தான் கண்ணில் பட்டது:
வெயில் மறைக்கும் இந்தச் செங்குத்துப் பலகைகள்
ஒன்றைப்போல் ஒன்று இல்லை.
ஆற்றுப் பக்கம் லேசாகத் திரும்பியவை
மேற்கே வர வர இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்;
மூலையில், ஒருக்களித்துச் சாத்திய கதவு.
எவனோ ஒருவன்
கணினி இல்லாத காலத்தில்
நாலு மணி வெயிலுக்குக் கணக்குப் போட்டிருக்கிறான்.

டொக்.
சுண்ணக்கட்டியால் வட்டம் போடுகிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
காப்புறுதி ஓப்பிஸ்.
கழுத்து அட்டையில் ரொஹாயா என்றிருந்த பெண்
கறிபாப்பைக் கடித்தபடி
எனக்குக் கையசைத்தாள்.
மணி நாலு பத்து. என் முதுகு வேகிறது.
அவள் மேசையில் ஏறிய வெயில்
கோப்பின் ஓரம்வரை வந்து
நின்றுவிட்டது.
ஒரு விரற்கடை தாண்டவில்லை.

அறிக்கையில் நாலு கட்டம்தான்:
விரிசல், துரு, ஈரம், பெயர்வு.
இதை எதில் எழுதுவது?

"என்ன, அப்படியே நின்னுட்ட?"
கீழிருந்து வாக்கிடாக்கியில் குலவீரன்.

ஒன்றுமில்லை என்றேன்.
கயிற்றை இளக்கி
இருபத்து இரண்டுக்கு இறங்கினேன்.
ணங்.