முப்பத்தோராவது கிலோமீட்டர்

அக்துஸை விட்டது இரண்டு பத்துக்கு.
கோக்ஜார் சேர வேண்டியது மூன்று ஐம்பத்தெட்டுக்கு.
நடுவில் எண்பத்து நான்கு கிலோமீட்டர்
கஸாக் புல்வெளி, பனி,
ரேடியோ எட்டாத இருட்டு.

என் மேசையில் கட்டம் போட்ட தாள்.
குறுக்கே நேரம், நெடுக்கே தூரம்.
இரண்டு புள்ளி வைத்தேன்,
அளவுகோலைச் சாய்த்து ஒரே இழுப்பு.
இனி யார் கேட்டாலும் சொல்லலாம்
தௌலெத்தின் கோதுமை வண்டி எங்கே என்று.
ஓடிய நிமிடத்தை நூற்றெட்டால் வகுத்து
எண்பத்து நான்கால் பெருக்கினால் போதும்.

இரண்டு முப்பத்தேழுக்கு, இருபத்தொன்றில்.
மூன்று நான்குக்கு, சரிபாதி.
அந்த நேரம் பார்த்துத் தலைமை அலுவலகம் அழைத்தது.
"நாற்பத்திரண்டில் போகிறது" என்றேன்
கண்ணால் கண்டவள் போல,
தேநீரில் பால் ஊற்றிக்கொண்டே.

மூன்று ஐம்பத்தெட்டு.
கோக்ஜாரிலிருந்து மணி. வந்துவிட்டது.
கோட்டின் நுனி புள்ளியில் போய்க் குத்தி நின்றது.
ரௌஷான், உன் கணக்கு தப்புமா என்று
என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வியாழக்கிழமை, சம்பள வரிசை.
முன்னால் நின்ற தௌலெத் திரும்பாமலே சொன்னான்:
"அன்னிக்கு நின்னுட்டேன். இருபது நிமிஷம்.
முப்பத்தொண்ணுல."
ஏன்?
"சைகா மானுங்க. வெளிச்சம் பட்டா
அப்படியே தண்டவாளத்துல உறைஞ்சு போயிடும்.
விளக்கை அணைச்சேன்.
இருட்டுல ஒண்ணும் தெரியல,
குளம்புச் சத்தமும் மூச்சும்தான்.
கடைசியா ஒண்ணு
இன்ஜினை மோந்து பார்த்துட்டுப் போச்சு."
அப்புறம்?
"அப்புறம் என்ன, விரட்டிப் பிடிச்சேன்."
காசை எண்ணிவிட்டுப் போய்விட்டான்.

இரவுப் பணியில் பழைய தாளை எடுத்தேன்.
மூன்று நான்குக்கு நாற்பத்திரண்டில் ஓடியது
என் பென்சில் மட்டும்.
ஓட்டுநர் இல்லாமல், சரக்கு இல்லாமல்,
விளக்கு பளீரென்று எரிய.
பதினொரு கிலோமீட்டர் பின்னால்
ஐம்பத்திரண்டு பெட்டிகளும் மூச்சடக்கி
அவனோடு நின்றிருந்தன.

கையெழுத்தான தாளைத் திருத்தக் கூடாது.
நிற்கிற வண்டிக்குக் கிடைக்கோடு போட வேண்டும்.
இரண்டுமே விதிதான்.

தலைக் கொண்டையூசியை உருவி
மழுங்கிய முனையால்
முப்பத்தொன்றில் அழுத்தி இழுத்தேன்,
மையில்லாமல், இரண்டு கட்ட நீளம்.

மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.
விளக்குக்குக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.