பம்மாத்து

திங்கள் விடிய ஐந்தரை.
அங்கே அமெரிக்காவில் இன்னும் ஞாயிறு இரவு.
குருநகர்க் கரையில் என் சலூன் ஷட்டரை
இடுப்பளவு மட்டும் தூக்கி வைத்திருக்கிறேன்.
குனிந்து வருகிறவன்தான் ரசிகன்.

மீனைக் கூறுகிறவரிடம் கொட்டிவிட்டு
விலையும் கேளாமல் ஓடிவந்த றெமீஜியஸ்
கையில் செதிளோடு ரீவிக்கு முன்னால் முழந்தாளிடுகிறான்.
"பூசையில மடங்காத கால், பார்" என்கிறார்கள் பின்னால்.
அவனுக்குக் கேளாது.
கிரானைட் கோல் மேடைக்கு வருகிறான்.

ஆறடி எட்டு அங்குலம். விலா முறிந்தது நாலு தரம்.
முதல் மனைவி பிரிந்துபோன மாதம்கூட
றெமிக்குப் பாடம்.
தன் மகளின் பிறந்தநாளை
மெற்றில்டாவிடம் கேட்டுத்தான் சொல்லுவான்.

'மரியநாயகி' என்றிருந்த வள்ளத்துக்கு
'கிரானைட்' என்று பெயர் மாற்றப் போனபோது
கந்தோரில் ஒரு ஐயா பேனையை வைத்துவிட்டுக் கேட்டாராம்:
"கல்லெண்டு பேர் வைச்சால் தாழாதோ தம்பி?"
"தாழும். மூண்டு எண்ண முதல் எழும்பும்."

கோலுக்கு முழங்கால் விலகிய வருஷம்
பூசைக்குக் காசு கட்டினான்.
சுவாமி வாசித்தார்: கோல் என்பவரின் சுகத்துக்காக.
ஜேர்மனியில் இருக்கிற சொந்தமாக்கும் என்று
கோயில் முழுக்க உருகிச் செபித்தது.

குயின்ரஸ் மற்றப் பக்கம். பிரின்ஸ் வைப்பரின் ஆள்.
பட்டத்துக்கான போட்டியன்று
வலையில் வந்த கடற்பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.
பாம்பில் அரை உயிர், அவனில் ஒரு போத்தல்.
எல்லாரும் கதிரைமேல் ஏறினோம்.
இதே குயின்ரஸை மணலில் கிடத்தி
ஐஸ் பெட்டி அடுக்கின் உச்சியிலிருந்து
முழங்கையை நீட்டிக்கொண்டு குதித்தான் றெமி.
முறிந்தது குதித்தவனின் காறை எலும்பு.
பெரியாஸ்பத்திரியில் டொக்டர் கேட்க
இரண்டு பேரும் ஒரே குரலில்:
"படியில வழுக்கினது."

"உது முழுக்கப் பம்மாத்தடா.
ஆர் வெல்லுறது எண்டு எழுதி வைச்சுத்தான் அடிபடுறாங்கள்."
முடி வெட்ட வந்த கணக்கு வாத்தியார் சொன்னார்.
றெமி சேட்டைக் கழற்றித் தழும்பைக் காட்டினான்.
"இதையும் எழுதி வைச்சவங்களோ?"

நான் கத்தரிக்கோலை நிறுத்தவில்லை.
எனக்கும் தெரியும் அது பம்மாத்து என்று.
மூன்று எண்ணி முடிந்த பிறகும்
எழும்பி, முகம் துடைத்து,
அடுத்த திங்கள் திரும்பி வருகிறவர்களை
அதிலே மட்டும்தான் கண்டிருக்கிறேன்.
எனக்கு ஐம்பத்தாறு வயது.

போன கிழமை
கோல் தன் சொந்தக் கூட்டாளியின் முதுகில்
பின்னால் நின்று கதிரையால் அடித்தான்.
பிறகு வைப்பரின் கையைப் பிடித்து உயர்த்தினான்.
சலூனில் ஒரு சத்தமில்லை.
ரீவியை உடைப்பான் என்று
நான் குறுக்கே போய் நின்றேன்.
றெமி எழும்பி, வெட்டாத முடிக்குக் காசு வைத்துவிட்டுப் போனான்.

மத்தியானம் கரையில் பார்த்தேன்.
வள்ளத்தின் பெயர்மேல் தார் பூசுகிறான்.
வாளியைப் பிடித்திருக்கிறவன் குயின்ரஸ்,
பச்சைச் சாயம் அடித்த தலை குனிந்து.
"ரெண்டு பேரும் ஒண்டாப் போட்டாங்கள் மச்சான்.
இனி நான் ஆரோட கொளுவுறது?"
கடைசி எழுத்துக்கு வரத் தார் முடிந்துவிட்டது.
வள்ளத்தில் மிஞ்சியது ஒரு 'ட்':
தலையில் புள்ளி வைத்த கதிரை.

இன்றைக்குத் திங்கள். நாலே முக்கால்.
ஷட்டரில் தட்டுகிறார்கள்.
"அண்ணை, அவன் மனம் மாறினாலும் மாறுவான்.
ரீவியப் போடுங்கோ."
விளக்கைப் போட்டுத் தூக்குகிறேன்.
றெமி, குயின்ரஸ்,
அவர்களுக்குப் பின்னால் மெற்றில்டா,
ஒற்றைச் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு.
யாருக்கென்று நான் கேட்கவில்லை.