ஒன்றரை

இருநூறு கொருனாவுக்குப் பன்னிரண்டு கருவி,
ஜிப் வைத்த கறுப்புப் பை,
துடைக்க ஒரு துணி இலவசம்.
சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.
வாங்கினேன்.
பன்னிரண்டில் ஏழு எதற்கென்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒஸ்ட்ராவாவில் பிப்ரவரி ஞாயிறு.
பள்ளி விளையாட்டுக் கூடத்தில் சாம்பல் கம்பளம் விரித்து
ரப்பர் குழாய் வளைத்துப் பாதை போட்டிருந்தார்கள்.
வாரம் முழுக்க டிராம் ஓட்டுகிறேன்,
தண்டவாளம் சொல்கிற பக்கம்.
ஞாயிறு மட்டும்
ஒன்றரைக் கிலோ வண்டியொன்று
நான் சொல்கிற பக்கம் திரும்புகிறது,
பெரும்பாலும்.

இரண்டாம் சுற்றுக்கு ஆறு நிமிடம்.
மோட்டார் தண்டில் பற்சக்கரம் ஆடியது.
அதைப் பிடித்திருப்பது எள்ளளவு ஆணி,
தலை கிடையாது, ஆறு மூலை வாய் மட்டும்.
ஒன்றரை மில்லிமீட்டர் திருப்புளியை நுழைத்து
முறுக்கினேன்.
வெண்ணெயில் கரண்டி திரும்புகிற மாதிரி
கைக்குள் ஒரு சுகம்.
அந்தச் சுகம் என்னவென்று
ஒருமுறை பட்டவர்களுக்குத் தெரியும்.
ஆணியின் வாய் வட்டமாகியிருந்தது.
திருப்புளியின் முனையும் வட்டம்.
அவர்கள் இருவரும் சமாதானமாகிவிட்டார்கள்,
நடுவில் நான்.

பக்கத்து மேசை ஒத்தக்கருடையது.
பல் மருத்துவர் போல வெள்ளைத் துண்டு விரித்து
பொன்முனைத் திருப்புளிகளை உயர வரிசையில் வைத்திருப்பான்.
கேட்டால் கொடுப்பான்.
திரும்பத் தரும்வரை நம் கையையே பார்த்திருப்பான்.
கொடுத்தான். பார்த்தான்.
வட்ட வாயில் பொன்னும் வழுக்கியது.
"ஆணி போய்விட்டது, லிபுஷே" என்றான்
துக்கம் விசாரிக்கிற குரலில்.

அந்தச் சுற்றில் என் வண்டி ஓடவில்லை.
வளைவில் நின்று
கவிழ்ந்த வண்டிகளை நிமிர்த்தி வைத்தேன்.
ஒத்தக்கருடையதை இரண்டு முறை.
இரண்டாம் முறை கொஞ்சம் மெதுவாக.

இரவு, ரொட்டிக் கடை ரசீதின் பின்பக்கம்
கணக்குப் போட்டேன்.
வண்டியைக் கவிழ்த்து ஆணிகளை எண்ணினேன்:
இரண்டு மில்லி நாற்பத்தொன்று,
இரண்டரை பதினொன்று,
சக்கரத்து நட்டு நான்கும் ஏழு மில்லி,
ஒன்றரை
ஒன்றே ஒன்று.
வண்டி நிற்பதும் போவதும் அந்த ஒன்றில்.

ஆகவே ஒன்றரை மட்டும் நல்லதாக வாங்கினேன்.
இருநூற்று அறுபது.
ஒன்றின் விலை பன்னிரண்டின் விலையைத் தாண்டுவதை
கடைக்காரர் முன்னால் வாய்விட்டுச் சொன்னேன்.
அவர் பாக்கிச் சில்லறையை மட்டும் தந்தார்.

இரண்டு மில்லியைப் பணிமனைக்குக் கொண்டுபோனேன்.
ரதிமீர் சாணைக்கல்லை விட்டுக்கொடுத்தான்,
ஒரு சிகரெட் நேரத்துக்கு.
மழுங்கிய நுனியை ஒரு மயிரிழை தேய்ப்பது,
நீரில் தோய்ப்பது, திரும்பத் தேய்ப்பது.
சூடேறினால் எஃகுக்குக் குணம் கெட்டுவிடும்,
மனிதர்களைப் போலத்தான் என்றான் ரதிமீர்.
அவனுக்குத் தெரியும், மூன்று முறை மணந்தவன்.
மூலைகள் திரும்பி வந்தன.

மேல்கூட்டின் சக்கர வளைவை வெட்ட
வளைந்த கத்தரி முந்நூறு என்றார்கள்.
மகளுக்குக் குழந்தையில் நகம் வெட்டியது
குளியலறை அலமாரியில் கிடந்தது.
அவள் இப்போது பர்னோவில்
நகத்துக்கு நீலச் சாயம் பூசுகிறாள்.
கத்தரி பாலிகார்பனேட்டை
நகத்தைவிடச் சுத்தமாக வெட்டியது.

பற்சக்கரம் இரண்டுக்கும் இடைவெளி வைக்க
கருவியே வேண்டாம்.
நடுவில் ஒரு காகிதத் துண்டு கொடுத்து நெருக்கி
ஆணியை இறுக்கிவிட்டு
சக்கரத்தைச் சுற்றினால்
காகிதம் சின்னச் சின்ன மடிப்போடு வெளியே வரும்,
கிழியாமல் வந்தால் சரி.
கணக்குப் போட்ட அதே ரசீதைத்தான் கிழித்துக்கொண்டேன்.
இருநூற்று அறுபது என்ற எண்
பல் பல்லாக மடிந்து வந்தது.

அடுத்த ஞாயிறு
பதினொரு பேரில் ஒன்பதாவது.
மேசைக்குத் திரும்பினால் ஒத்தக்கர் நிற்கிறான்.
அவனுடைய பொன்முனையில் ஒன்று ஒடிந்திருந்தது,
எது என்று நான் கேட்கவில்லை.
கொடுத்தேன்.
திரும்பத் தரும்வரை
அவன் கையையே பார்த்திருந்தேன்.

திங்கள் விடியற்காலை, பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு.
டிராம் கதவின் தடத்தில் பனி இறுகிக்கிடந்தது.
கறுப்புப் பையைத் துழாவி
ஏழில் ஒன்றை எடுத்துக் கொத்தினேன்.
கதவு திறந்தது.

இன்னும் ஆறு இருக்கிறது.