ஏழு கிலோ நெல்

சின்ன உப்போடையில், கெல்வின் பார்த்தலோட்டின் கராஜில்,
பதின்நாலு மாதம் நாங்கள் செய்தது ஒன்றுதான்:
கழற்றினோம்.
பின்சீற்றை. கூரைத் துணியை. கதவுக்குள் உறைந்திருந்த தாரை
உளியும் மண்ணெண்ணெயுமாய் மூன்று ஞாயிறு சுரண்டினோம்.
ஹீற்றர் ஒன்று இருந்தது.
அதைத் தூக்கிப் பிடித்துக் கெல்வின் சிரித்தான்:
"இந்த வெக்கைக்குள்ள ஆருக்கு இது?"

எழுபத்திரண்டாம் ஆண்டு டட்சன். 5 ஸ்ரீ 2716.
ஏறாவூரில் ஒருவர் அதில் கோழித்தீன் ஏற்றித் திரிந்தவர்.
இடப்பக்கக் கதவில் துளை இரண்டு.
எப்படி வந்ததென்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை;
ஒட்டு வைத்துத் தேய்த்தோம்.
அடித்தட்டில் துரு தின்ற இடத்தை மட்டும்
விரலால் தட்டிவிட்டு
"பிறகு பாப்பம்" என்றான்.

சம்மாந்துறை ஹிபத்துல்லா
சிலிண்டர் ஹெட்டை ஒரு மில்லிமீற்றர் சீவித் தந்தார்.
காசு வேண்டாம், ஒருக்கா ஏத்திட்டுப் போ பிள்ளை என்றார்.
ஏற்றவில்லை.
அவர் தொண்ணூற்றிரண்டு கிலோ.

ஆயிரத்து முந்நூறு சிசிக்குக் கீழான வகுப்பு.
ஓட்டுபவரோடு அறுநூற்றெண்பது கிலோவுக்குக் குறையக்கூடாது.
நானூற்றிரண்டு மீற்றர்.
வங்கியில் என் மேசையிலிருந்து
தண்ணீர்ப் போத்தல் வரைக்கும் போய்வரும் நேரத்தில்
முடிந்துவிடும்.
இதுக்காகவா என்று என் மனிசன் கேட்டார்.
ஓம் என்றேன்.

வட்டைகளுக்கு நடுவே புதுக் காப்பெற் றோட்டு.
வெட்டு முடிந்து ஒரு கிழமை; நேற்றுவரை அதில் நெல் காய்ந்தது.
விடியற்காலை தும்புத்தடியால் கூட்டினார்கள்.
நாலு சில்லுக்கும் கீழே நாலு தராசு,
உள்ளே ஹெல்மெற்றோடு நான்.
பரிசோதகர் கூட்டிப் பார்த்தார். மறுபடி கூட்டிப் பார்த்தார்.
"காணாது மிஸ். ஆறரைக் கிலோ காணாது."

கெல்வின் என்னைப் பார்த்த பார்வை:
காலையில் இன்னும் ரெண்டு இடியப்பம் தின்றிருக்கலாமே.

தாராகவும் தகரமாகவும் எறிந்த பாரத்தை
இப்போது ஆள் ஆளாய்ப் போய் இரந்தோம்.
கல் கூடாதாம், உருளுமாம்.
கடைசியில், றோட்டோரம் மூட்டை கட்டிக்கொண்டிருந்த போடியார்
உரப்பை ஒன்றில் ஏழு கிலோ நிறுத்துத் தந்தார்.
"விதைநெல்லு. கடன்தான், கண்டியோ."
என் முதுகுக்குப் பின்னால் பட்டி போட்டு இறுக்கினோம்.

பக்கத்தில் அக்கரைப்பற்றுப் பச்சைக் கொரோலா.
மஞ்சள்.
மஞ்சள்.
மஞ்சள்.
கிளச்சை விட்டதும் மூக்கு எழும்பிற்று.
இரண்டாம் கியருக்குள் வட்டை முழுதும் ஒரே வைக்கோல் கோடு,
பின்னால் மழை இரைவதுபோல ஒரு சத்தம்.
மழை என்றே நினைத்தேன்,
ஓகஸ்ட் மாதத்தில்.

பதினைந்து தசம் ஒன்பது நாலு.
கொரோலா ஒரு பொனற் நீளம் பின்னுக்கு.
கெல்வின் தொப்பியை எறிந்துவிட்டு
அதைத் தேடிப் போனான்.

வென்ற வாகனத்தை மறுபடி நிறுப்பது விதி.
"காணாது மிஸ்."
உரப்பை ஒரு பக்கம் சூம்பிக் கிடந்தது.
மூலையைத் தகர விளிம்பு அறுத்திருந்தது.
மூலைக்கு நேர்கீழே
பிறகு பாப்பம் என்ற அந்த இடம்,
அதற்குள்ளால் றோட்டுத் தெரிந்தது.

வெற்றி கொரோலாக்காரனுக்கு. வந்து கை தந்தான், நல்ல பொடியன்.
போடியார் பையை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்து
ரெண்டு கிலோ என்றார், தராசு இல்லாமலே.

அடுத்த சோடி புறப்பட முடியவில்லை.
நான் ஓடிய தடத்தில் மைனா, புறா, சிட்டுக்குருவி.
கொடிக்காரப் பொடியன் துரத்தத் துரத்த
அப்பால் எழும்பி இப்பால் இறங்கின.
தொடக்கக் கோட்டருகே தோளோடு தோள் நெருக்கி,
போகப் போக ஐதாகி,
முடிவில் பத்தடிக்கு ஒன்றாய்.

கெல்வின் இடுப்பில் கை வைத்து
அந்த வரிசையை நெடுநேரம் பார்த்தான்.
பிறகு, நூறு மீற்றர் அளவில், ஒரு இடத்தைக் காட்டினான்.
அங்கே மட்டும் ஒரு கும்பல்.

"மூண்டாம் கியர் மாத்தச் சுணங்கிற்றாய்."